சூழல் அழிவைப் பேசும் அறிவியல் புனைகதைகளில் குற்றவாளி யார்?

கேள்வி இதுதான்: இந்தக் கதைகளில் உலகம் அழிவதற்கு எப்போதும் மனிதன்தான் காரணமா?

இல்லை, ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1956இல் ஜான் கிறிஸ்டோபர் எழுதிய 'த டெத் ஆஃப் கிராஸ்' நாவலில் ஒரு வைரஸ் நெல், கோதுமை என்று புல் இனப் பயிர்களையெல்லாம் கொன்றுவிடுகிறது. 1962இல் வந்த பாலார்டின் 'த ட்ரவுண்ட் வேர்ல்ட்' நாவலில் லண்டன் நீரில் மூழ்கிக் கிடக்கிறது, ஆனால் பழி சூரியன் மேல்.

அதே 1962இல் ரேச்சல் கார்சனின் 'சைலன்ட் ஸ்ப்ரிங்' வந்தது. பூச்சிக்கொல்லிகளைப் பற்றிய அறிவியல் நூல்தான், ஆனாலும் அது பறவைச் சத்தமே இல்லாத ஒரு கற்பனை ஊரோடு தொடங்குகிறது. அப்புறம் விரல் மனிதனை நோக்கித் திரும்பியது. பத்து வருடம் கழித்து ஜான் ப்ரன்னர் எழுதிய 'த ஷீப் லுக் அப்' நாவலில் வில்லன் என்று தனியாக ஒருவர் கிடையாது. காற்று, தண்ணீர், உணவு என்று ஒவ்வொன்றாகக் கெடுகிறது, மக்கள் முகமூடி மாட்டிக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போகிறார்கள். என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது அந்த 'வழக்கம்போல'தான்.

ஒன்று மட்டும் படிக்க நேரம் இருந்தால், ஆக்டேவியா பட்லரின் 'பாரபிள் ஆஃப் த சோவர்' படியுங்கள். 1993இல் வெளியான நாவல், கதை தொடங்குவது 2024இல். கலிஃபோர்னியாவில் பெட்ரோலைவிடத் தண்ணீர் விலை அதிகம், மதில் எழுப்பிக்கொண்டு வாழும் குடும்பங்கள், வெளியே தீ. ஒரே நாளில் வரும் பேரழிவு எதுவும் அதில் இல்லை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. அழிவு நிஜத்திலும் அப்படித்தான் வரும் என்று நான் நம்புவதால்தான் அதை முதலில் படிக்கச் சொல்கிறேன்.