தொடை வழியா, நெஞ்சைத் திறந்தா? அம்மாவின் வால்வுக்கு எது பொருந்தும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 69. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதால் மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி வாங்கியிருந்தோம். அதற்கு ஃபிட்னஸ் பார்க்கப் போன இடத்தில் எக்கோ எடுத்துவிட்டு, அயோர்ட்டிக் வால்வு மோசமாகச் சுருங்கியிருக்கிறது, 'சிவியர் ஏ.எஸ்.' என்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஏ.வி.ஏ. 0.7, மீன் கிரேடியன்ட் 46, பீக் வெலாசிட்டி 4.4, இ.எஃப். 62% என்று இருக்கிறது. அம்மாவோ தனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்கிறார். ஒரு டாக்டர் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் தொடை வழியாகவே வைத்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மூட்டு அறுவையை முதலில் முடித்துக்கொள்ளலாமா? மாத்திரையில் சரிசெய்ய முடியாதா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் மூட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். அந்தத் தேதியைத் தள்ளி வையுங்கள். மூட்டு அறுவைக்குப் பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். அதில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். நல்ல வால்வு உள்ளவருக்கு இதயம் வேகமாகத் துடித்து, கூடுதல் ரத்தத்தை அனுப்பிச் சமாளித்துவிடும். உங்கள் அம்மாவின் இதயத்தால் அது முடியாது, வெளியேறும் வாசலே குறுகிவிட்டது. முழங்கால் வலி ஆளை முடக்கும், உண்மைதான். ஆனால் அது காத்திருக்கும். வால்வு காத்திருக்காது.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஏ.வி.ஏ. என்பது வால்வு திறக்கும்போது கிடைக்கும் இடைவெளி. நல்ல நிலையில் 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்கும். 1-க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். அம்மாவுக்கு 0.7. மீன் கிரேடியன்ட் என்பது வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தின் சராசரி. 40 மி.மீ. மெர்க்குரியும் அதற்கு மேலும் கடுமை. பீக் வெலாசிட்டி விநாடிக்கு 4 மீட்டரைத் தொட்டாலே கடுமை. மூன்று எண்ணும் ஒரே பக்கம் கை காட்டுவதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால்தான் காண்ட்ராஸ்ட் என்ற சாய மருந்து போடாத ஒரு சிடி எடுத்து, வால்வில் படிந்த கால்சியத்தை அளந்து பார்ப்போம். பெண்களுக்கு 1,200, ஆண்களுக்கு 2,000 என்ற அளவைத் தாண்டினால் கடுமையான சுருக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நான்காவது எண்ணில்தான் குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. இ.எஃப். என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. இ.எஃப். 62% என்றதும் "ஹார்ட் நல்லா பம்ப் ஆகுது, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். இதயத் தசை இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். அந்த எண் 50-க்குக் கீழே இறங்கும்வரை உட்கார்ந்திருந்தால், தசை ஏற்கெனவே தடித்து விறைத்து அடிபட்டிருக்கும். பிறகு வால்வை மாற்றினாலும் பழைய பலம் முழுதாகத் திரும்புவது எல்லாருக்கும் நடப்பதில்லை.

"ஒன்றுமே செய்யவில்லை" என்று அம்மா சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. முழங்கால் வலியால் நடையைக் குறைத்துக்கொண்டவருக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு வேலையே இருக்காது. கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டார்? மாடியில் துணி காயப்போட யார் போகிறார்கள்? கோயில் பிரகாரத்தை ஒரு சுற்றாவது சுற்றுகிறாரா, இல்லை வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறாரா? குளித்துவிட்டு வந்ததும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கிறதா? திடீரென்று கண் இருட்டியதுண்டா? இவற்றில் ஒன்றில் மாற்றம் தெரிந்து, அதற்கு முழங்கால் மட்டும் காரணமில்லை என்றால் அவரை அறிகுறி உள்ளவராகவே சந்தேகிக்க வேண்டும். அறிகுறி தொடங்கிய பிறகு வால்வை மாற்றாமல் விட்டால், சராசரியாக இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்பது பல பத்தாண்டுகளாக மருத்துவத்துக்குத் தெரிந்த கணக்கு. ஒரு எச்சரிக்கை. அறிகுறி இருப்பது தெரிந்தால் ட்ரெட்மில் டெஸ்ட் வேண்டவே வேண்டாம், அது ஆபத்து.

ஒருவேளை நிஜமாகவே அறிகுறி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு முன்பு வரை "ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பாருங்கள்" என்று அனுப்பியிருப்போம். அந்த வழக்கம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2024-இல் வெளியான 'எர்லி டாவர்' ('டாவர்' என்பது தொடை வழி வால்வு முறையின் சுருக்கப் பெயர்) என்ற ஆய்வில், கடுமையான சுருக்கம் இருந்தும் அறிகுறி இல்லாத 901 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே தொடை வழி வால்வு, மறு பாதிக்குக் கண்காணிப்பு. சுமார் நாலு வருடத்தில் கண்காணிப்பில் இருந்தவர்களில் 100-க்கு 87 பேருக்கு எப்படியும் வால்வு வைக்க வேண்டியதாயிற்று. மரணம், பக்கவாதம், எதிர்பாராமல் இதயப் பிரச்சினைக்காக மருத்துவமனையில் சேர்வது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உடனே வைத்தவர்களில் 26.8%, காத்திருந்தவர்களில் 45.3%. இந்த வித்தியாசத்தின் பெரும்பங்கு மருத்துவமனையில் சேர்ந்ததால் வந்தது, மரணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் நாளைக்கே ஓட வேண்டாம். ஆனால் காத்திருப்பதால் பெரிய லாபமும் இல்லை. 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிகுறி இல்லாதவர்களுக்கும் இந்தச் சிகிச்சையை அனுமதித்துவிட்டது.

மாத்திரை பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம். வால்வில் படிந்த கால்சியத்தைக் கரைக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. கொலஸ்ட்ரால் மாத்திரை தடுக்குமா என்று பெரிய ஆய்வே செய்தார்கள், 2008-இல் 'இல்லை' என்று பதில் வந்தது. அறுவையே இல்லாமல் டிரிப் ஏற்றிக் கரைக்கிறோம் என்று வரும் விளம்பரங்களில் காசைக் கொட்டாதீர்கள். பாலையும் தயிரையும் நிறுத்தவும் வேண்டாம், வால்வில் படிவது சாப்பாட்டுக் கால்சியத்தால் வருவது இல்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. இரண்டு டாக்டர்களும் தப்பாகச் சொல்லவில்லை. 69 என்பது சரியாக இழுபறியான வயது. அமெரிக்க வழிகாட்டுதல் 65 முதல் 80 வரை இரண்டில் எதுவும் சரி, பேசி முடிவெடுங்கள் என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2021-இல் 75 வயதுக்கு மேல் தொடை வழி என்று கோடு போட்டது, 2025-இல் அதை 70-க்கு இறக்கிவிட்டது. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலன் கிரிபியே முதல்முறையாகத் தொடை வழியாக வால்வு வைத்தபோது, அறுவை மேசையில் ஏற்றவே முடியாத நிலையில் இருந்தார் அந்த நோயாளி. அங்கிருந்து படிப்படியாக வந்து, 2019-இல் ஆபத்து குறைந்த ஆரோக்கியமான முதியவர்களுக்கும் அறுவைக்கு இணையான பலன் என்று இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின.

செய்முறை இதுதான். தொடை மடிப்பில் உள்ள ரத்தக்குழாயில் ஊசி வழியாக நுழைந்து, மடக்கி வைத்த புது வால்வைப் பழைய வால்வுக்குள் கொண்டுபோய் விரிப்பார்கள். பலூனால் விரிகிற வகையாக இருந்தால் அந்தச் சில விநாடிகளுக்கு இதயத்தை நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடவிடுவார்கள், அந்த வேகத்தில் அது ரத்தத்தைப் பலமாகத் தள்ளாது. இல்லாவிட்டால் அடுத்த துடிப்பு வால்வைத் தள்ளிவிட்டுவிடும். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. மறுநாள் நடப்பார், இரண்டு மூன்று நாளில் வீடு. பழைய வால்வை யாரும் எடுப்பதில்லை, அது ஓரமாக நசுங்கி அங்கேயே இருக்கும்.

இதற்கு அம்மா பொருத்தமானவர்தானா என்பதை வயது மட்டும் சொல்லாது, சிடி சொல்லும். கழுத்திலிருந்து தொடைவரை காண்ட்ராஸ்ட் போட்டு எடுக்கும் அந்த ஸ்கேன் இல்லாமல் யாராவது 'தொடை வழிதான்' என்றோ 'அறுவைதான்' என்றோ அடித்துச் சொன்னால் அவசரப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கொரோனரிக் குழாய்களின் வாய் வால்வுக்கு மிக அருகில் இருந்தால், விரியும் வால்வு அதை அடைத்துவிடலாம். தொடைக் குழாய் மிகச் சிறுத்திருந்தாலும் சிக்கல். பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ் வால்வாக இருந்தாலோ, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வீங்கியிருந்தாலோ, ஆஞ்சியோவில் பல அடைப்புகள் தெரிந்தாலோ பெரும்பாலும் அறுவைதான் முறை, ஒரே மேசையில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். சிடிக்கு முன்பு ஒரு விஷயம். மூட்டு வலிக்கு அம்மா டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் மாதிரி மாத்திரை போடுகிறாரென்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிட்டு, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் டெஸ்ட் பாருங்கள். வலி மாத்திரையும் காண்ட்ராஸ்டும் சேர்ந்தால் கிட்னி தாங்காமல் போகலாம்.

உங்கள் அம்மா விஷயத்தில் நான் கூடுதலாக யோசிப்பது மூன்று.

பெண்களுக்கு வால்வு உட்காரும் வளையம் பொதுவாகச் சிறியது. நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னும் சிறியது. அறுவையில் 19 எண் என்ற மிகச் சிறிய வால்வைத் தைத்துவிட்டால், சுருக்கம் முழுதாகத் தீராமல் போகலாம். ஆகவே அறுவை டாக்டரிடம் "என்ன சைஸ் வைப்பீர்கள், வளையம் சிறிதாக இருந்தால் அதைப் பெரிதாக்கித் தைப்பீர்களா?" என்று கேளுங்கள். அப்படிப் பெரிதாக்கும் முறைகள் இந்தச் சில வருடங்களில் நன்றாகவே தேறிவிட்டன. பெண்களை மட்டும் சேர்த்து ஐரோப்பாவில் நடந்த 'ரியா' ஆய்வில், முதல் ஒரு வருடத்தில் மரணம், பக்கவாதம், மறுபடி மருத்துவமனையில் சேர்வது என்ற கணக்கு தொடை வழியில் 8.9%, அறுவையில் 15.6%.

இரண்டாவது, அந்த முழங்கால்கள். நெஞ்செலும்பை அறுத்துத் திறந்தால், கூடிவர ஆறிலிருந்து எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். அதுவரை கையை ஊன்றி எழாதீர்கள், வாக்கரில் முழு பாரத்தையும் போடாதீர்கள் என்பார்கள். முழங்கால் தேய்ந்தவர் கட்டிலை விட்டு எழுவதே கையை ஊன்றித்தான். கழிப்பறையிலும் அப்படியே. வால்வு பற்றிப் பேசும்போது இதை இரண்டு டாக்டரிடமும் நீங்களாகவே சொல்ல வேண்டும், ரிப்போர்ட்டில் இது இருக்காது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. இந்த வால்வுக்குப் பிறகு எது? 69 வயதில் அறுவை செய்தாலும் உலோக வால்வு வைக்க மாட்டோம், மாட்டுச் சவ்வாலான திசு வால்வுதான். அதனால் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, அதன் அளவைப் பார்க்க ஐ.என்.ஆர். டெஸ்ட் என்று ஆயுள் முழுக்க அலைய வேண்டாம். ஆனால் எந்தத் திசு வால்வும் பத்து, பதினைந்து வருடத்தில் தேயக்கூடியது. அப்போது அம்மாவுக்கு 80-ஐ ஒட்டி இருக்கும். முதலில் அறுவை செய்திருந்தால், அதற்குள் தொடை வழியாக இன்னொன்றை வைக்கலாம், முதல் வால்வு போதிய அளவு பெரிதாக இருந்தால். முதலிலேயே தொடை வழியாக வைத்திருந்தால், இரண்டாவதை அதற்குள் வைக்கும்போது கொரோனரி வாய் அடைபடும் அபாயம் உண்டு. பழையதை அறுவை செய்து எடுப்பதோ கடினமான அறுவை. "இது தேய்ந்தால் அடுத்தது என்ன செய்வீர்கள், இந்த சிடியில் அதற்கு இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இரண்டு டாக்டரும் ஒன்றாக உட்கார்ந்து அந்த சிடியைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

என் கருத்தைக் கேட்டால், சிடி ஒத்துவந்து, அடுத்த வால்வுக்கும் இடம் இருக்கிறது என்றால், இந்த முழங்காலுடன் இருக்கும் 69 வயதுப் பெண்ணுக்குத் தொடை வழியே செல்வேன். இதே எண்களோடு 60 வயதில் வந்திருந்தால் அறுவையைச் சொல்லியிருப்பேன்.

தொடை வழியிலும் சங்கடங்கள் உண்டு. இதயத்தின் மின்கம்பி வால்வுக்கு மிக அருகில் ஓடுவதால், அழுத்தம் பட்டுப் பேஸ்மேக்கர் வைக்க நேரலாம். 2019 ஆய்வுகளில் வால்வின் வகையைப் பொறுத்து 100-க்குச் சுமார் 6 முதல் 17 பேர். ஓரத்தில் சிறு கசிவு இருக்கலாம். பக்கவாதத்தைத் தடுக்கும் வடிகட்டி என்று ஒன்றைக் கூடுதல் காசுக்குச் சொன்னால், 2022-லும் 2025-லும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் எல்லாருக்கும் அதை வைப்பதால் பக்கவாதம் குறைவதாகக் காட்டவில்லை என்பது நினைவிருக்கட்டும்.

செலவு தொடை வழியில் கணிசமாக அதிகம். பல இடங்களில் வால்வின் விலை மட்டுமே மொத்த அறுவைச் செலவைத் தாண்டும். குஜராத்தின் வாபியில் தயாராகும் 'மைவால்' வந்த பிறகு வெளிநாட்டு வால்வு மட்டுமே என்ற நிலை இல்லை. 2024-இல் வெளியான ஆய்வில் முதல் 30 நாள் விளைவுகளில் அது வெளிநாட்டு வால்வுகளான 'சேப்பியன்', 'எவலூட்' இரண்டுக்கும் பின்தங்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ தனியார் பாலிசியோ இருந்தால், எந்த முறைக்கு எவ்வளவு என்பதை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்குள் செய்ய வேண்டியது பல். சொத்தைப் பல் இருந்தால் வால்வு வைப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். வைத்த பிறகு ஒவ்வொரு முறை பல் பிடுங்கும்போதும், சுத்தம் செய்யும்போதும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஆன்டிபயாடிக் போட வேண்டும், புது வால்வில் கிருமி குடியேறினால் அது பெரிய வியாதி. வால்வு வைத்த பிறகு வேறு காரணம் இல்லாவிட்டால் ஆஸ்பிரின் ஒன்றே போதும். முன்பு கூடவே கொடுத்த இரண்டாவது மாத்திரை ரத்தக் கசிவைத்தான் கூட்டியது. மூட்டு அறுவைக்கு எப்போது என்பதை மறு எக்கோ பார்த்துவிட்டு இதய டாக்டரும் எலும்பு டாக்டரும் சேர்ந்து சொல்வார்கள்.

தேதி வரும்வரை அம்மா மயங்கி விழுந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ ஓ.பி. டோக்கனுக்குக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். நெஞ்சு வலி என்றதும் பக்கத்து வீட்டில் இருக்கும், நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சு வலி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வால்வோடு அது அழுத்தத்தைத் தடாலென்று இறக்கிவிடக்கூடும்.