கள்ளக்கடல்ல இருந்து ஜீரோ எஃப்ஐஆர் வரைக்கும்: குமரி மாவட்டத்து டிஎன்பிஎஸ்சி பிள்ளைங்களோட கேள்விகளும் என் பதில்களும்

குரூப் 1, குரூப் 2, குரூப் 4-ன்னு படிச்சிட்டு இருக்குற நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்க கிட்ட, சுற்றுச்சூழல், சுகாதாரம், சட்டம், பாதுகாப்பு இதுல எது குழப்புதோ கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். நிறைய வந்துச்சு, ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துட்டேன்.

கேள்வி (கருங்கல்): அக்கா, மாசா மாசம் வர்ற கரண்ட் அஃபேர்ஸ் பிடிஎஃப் 12-ஐயும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், படிச்சா ஒரு வாரத்துல மறந்துடுது. என்ன செய்ய?

பதில்: மக்கா, அந்த பிடிஎஃப்ல ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தமே இருக்காது, அதான் மனசுல நிக்க மாட்டேங்குது. ஒரு செய்திய எடுத்தா அது எங்க நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, எந்தச் சட்டத்துக்குள்ள வருது, யாரு பொறுப்பு, இதெல்லாம் ஒரே பக்கத்துல எழுது. நம்ம ஊருல நடந்ததுல இருந்து ஆரம்பி. நீ கண்ணால பார்த்தத மறக்க மாட்டே.

கேள்வி (குளச்சல்): கள்ளக்கடல்னா சுனாமி தானே? ஒரு டெஸ்ட்ல அப்படிப் போட்டு மார்க் போச்சு.

பதில்: இல்லவே இல்ல. சுனாமி கடலுக்கு அடியில பூமி அதிர்றதால வருது, 2004 டிசம்பர் 26 அன்னைக்கு குளச்சல்ல நடந்தத உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லியிருப்பாங்க. கள்ளக்கடல் அப்படி இல்ல. இந்தியப் பெருங்கடலோட தெக்கு மூலையில எங்கேயோ பெரிய புயல் அடிக்கும், அங்க கிளம்புற நீளமான அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி சில நாள் கழிச்சு நம்ம கரையில வந்து ஏறும், இங்க அப்போ காத்தும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் பளிச்னு கெடக்கும். சத்தமில்லாம திருடன் மாதிரி வர்றதால தான் நம்ம ஆளுங்களும் கேரளா மீனவங்களும் அந்தப் பேர வச்சாங்க, 2012-ல யுனெஸ்கோவே அந்தச் சொல்ல அறிவியல் பயன்பாட்டுக்கு ஏத்துக்கிட்டாங்க. எங்க மாமாவோட வள்ளம் ஒரு தடவ மத்தியானம் நல்ல வெயில்ல தென்னமரத்து மூட்டுல ஏத்தி வச்சிருந்தது, கடல் வந்து தூக்கிட்டுப் போய் பக்கத்து வீட்டு மதில்ல சாத்திட்டுப் போச்சு, ஒரு இலை கூட ஆடல அன்னைக்கு.

2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் பீச்சுல 5 மருத்துவ மாணவர்கள் இறந்தாங்க. அந்தச் சமயத்துல கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தாங்க. கொடுக்குறது யாரு? ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ், அதாவது இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், 1999-ல தொடங்கினது, புவி அறிவியல் அமைச்சகத்துக்குக் கீழ வருது. சுனாமி எச்சரிக்கையும் இவங்க தான் கொடுப்பாங்க. வானிலை ஆய்வுத் துறைன்னு ஆப்ஷன்ல போட்டிருப்பான், விழுந்திராதீங்க. தேர்வ விடுங்க, எச்சரிக்கை இருக்குற நாள்ல ஃபிரண்ட்ஸ கடல்ல கால் நனைக்கக் கூட விடாதீங்க, உங்களுக்குத் தான் தெரியும், வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளைகளுக்குத் தெரியாது.

கேள்வி (முட்டம்): புயல் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

பதில்: எல்லாம் வேண்டாம். நம்ம பக்கத்துக் கடல்ல வர்ற புயலுக்குப் பேர் கொடுக்குறது 13 நாடு, ஆளுக்கு 13 பேர், மொத்தம் 169. காத்து மணிக்கு 62 கிலோமீட்டரத் தொட்டா தான் பேர் வைப்பாங்க. ஒக்கி (2017) பங்களாதேஷ் கொடுத்தது, வங்காளத்துல கண்ணுன்னு அர்த்தம். ஃபெங்கல் (2024) சவுதி அரேபியா. டிட்வா (2025) ஏமன். இது போதும்.

கேள்வி (இரயுமன்துறை): கொச்சியில கப்பல் மூழ்கினதுக்கு நம்ம கரையில எப்படி பிளாஸ்டிக் வந்துச்சு? இதுல என்ன கேள்வி வரும்?

பதில்: இது தான் நாலு பாடமும் ஒண்ணாச் சேர்ற செய்தி, அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றேன். எம்எஸ்சி எல்சா 3, லைபீரியா கொடி போட்ட சரக்குக் கப்பல், 2025 மே 25 அன்னைக்கு கொச்சிக்கு அப்பால மூழ்கிச்சு. 640 கன்டெய்னர், அதுல 13-ல ஆபத்தான சரக்கு, கால்சியம் கார்பைடு உட்பட. அது தண்ணி பட்டா அசிட்டிலின் வாயு வரும், தீப்பிடிக்கும், கெமிஸ்ட்ரி கேள்வியே அதுல இருக்கு. ஒடைஞ்ச கன்டெய்னர்ல இருந்து வெளிய வந்தது நர்டில், பிளாஸ்டிக் சாமான் செய்ற மூலப்பொருள். நீரோட்டம் அத தெக்க நம்ம பக்கம் தள்ளிட்டு வந்துருச்சு. நான் போய்ப் பார்த்தேன், ஜவ்வரிசி மாதிரி வெள்ளையா மணலோட கலந்து கெடக்கு, கையில அள்ளினா மணல் விழுந்துருது, இது ஈரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. பிள்ளைங்க சல்லடை வச்சு மணல சலிச்சு சாக்குல கட்டினாங்க, ஒரு அலை அடிச்சா மறுபடியும் அதே இடத்துல அதே அளவு கெடக்கும். மீன் அத முட்டைன்னு நெனச்சுத் தின்னுரும், பயமே அது தான்.

இப்போ சட்டம். கப்பல் மூழ்கினது கரையில இருந்து சுமார் 14.6 கடல் மைல்ல. நம்ம ஆட்சி எல்லைக் கடல் 12 கடல் மைல், அதையடுத்த மண்டலம் 24 வரைக்கும், பிரத்யேக பொருளாதார மண்டலம் 200 வரைக்கும். ஆக அது ஆட்சி எல்லைக் கடலுக்கு வெளிய, ஆனா அடுத்த மண்டலத்துக்கும் பொருளாதார மண்டலத்துக்கும் உள்ள. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு, 2017-ஆம் வருஷத்து அட்மிரால்டி சட்டப்படி, அதாவது கப்பல் சம்பந்தப்பட்ட வழக்குக்கான சட்டம். மாசுபடுத்துனவன் தான் பணம் கட்டணும்கிற கொள்கை இந்தியச் சட்டத்துல வேரூன்றினது நம்ம தமிழ்நாட்டு வழக்கால தான், 1996, வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு, பாலாறைக் கெடுத்த தோல் தொழிற்சாலைங்க விஷயம். அதையும் இதையும் ஒரே பக்கத்துல எழுதி வைங்க. 1958-ஆம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்த மாத்திட்டு 2025-ல புதுசு வந்துருச்சு, அதுவும் முக்கியம்.

கேள்வி (சின்னமுட்டம்): வாட்ஜ் பேங்க்னு ஒரு பாங்கி இருக்கா அக்கா?

பதில்: பாங்கி இல்ல மக்களே, கன்னியாகுமரிக்குத் தெக்க கடலுக்கு அடியில இருக்குற மேட்டு நிலம், மீன் வளம் அள்ளிக் கொடுக்குற இடம். 1974 ஒப்பந்தத்துல கச்சத்தீவு இலங்கைக்குப் போச்சு, 1976 ஒப்பந்தத்துல வாட்ஜ் பேங்க் இந்தியாவோட பொருளாதார மண்டலத்துல உறுதியாச்சு. எல்லாரும் 74-அ மட்டும் படிக்கிறாங்க, 76-அ விட்டுடுறாங்க. அதே கடல்ல எண்ணெய், எரிவாயு தேடுறதுக்கு நம்ம மீனவங்க எதிர்ப்பு காட்டுறது ஏன்னு இப்போ புரியுதுல்ல?

கேள்வி (தேங்காப்பட்டணம்): மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15-ன்னு புக்ல இருக்கு, எங்க ஊருல ஜூன்ல தானே வருது?

பதில்: புக்கும் சரி, நீயும் சரி. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1-ல இருந்து ஜூலை 31, ரெண்டுமே 61 நாள். நம்ம மாவட்டத்துல ரெண்டும் உண்டு, சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கு.

கேள்வி (தேரூர்): ராம்சர்ல எங்க குளம் இருக்குன்னு சொல்றாங்க, உண்மையா?

பதில்: உண்மை தான். ராம்சர்னா உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல். 2022-ல சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுப்பும் வேம்பனூர் ஈரநிலத் தொகுப்பும் சேர்ந்துச்சு, ரெண்டும் தனித்தனி, ஒண்ணுன்னு எழுதிராதீங்க. ரெண்டுமே விவசாயத்துக்கு மனுசன் வெட்டின குளம், இயற்கை ஏரின்னு ஆப்ஷன் வந்தா தப்பு. இந்தப் பக்கத்துக் குளங்களோட பேரு 9-ஆம் நூற்றாண்டு செப்பேட்டுலயே இருக்கு. மத்திய ஆசியாவுல இருந்து பறவைங்க வர்ற பாதையில, இந்திய நிலப்பரப்புல இது தெக்குக் கடைசி, அதுக்கு மேல கடல் தான். தமிழ்நாட்டுல முதல் ராம்சர் தளம் கோடியக்கரை, 2002. 2025 பிப்ரவரியில சக்கரக்கோட்டையும் தேர்தங்காலும் சேர்ந்து 20 ஆச்சு, இந்தியாவுலயே நமக்குத் தான் அதிகம்.

கேள்வி (தக்கலை): குளத்துல குளிச்சா மூளைய அமீபா தின்னுரும்னு வீட்டுல குளத்துக்கே விட மாட்டேங்குறாங்க. இதும் நிபாவும் ஒண்ணா?

பதில்: ரெண்டும் வேற. நிபா வைரஸ், பழந்தின்னி வௌவால் கிட்ட இருந்து வர்றது, 1998-99-ல மலேசியாவுல முதல்ல கண்டுபிடிச்சாங்க, கேரளாவுல 2018, ஆளுக்கு ஆள் பரவும். மத்தது நெக்ளீரியா ஃபௌலேரிங்கிற ஒரு செல் உயிரி, வைரஸும் இல்ல பாக்டீரியாவும் இல்ல. வெதுவெதுப்பான நல்ல தண்ணியில இருக்கும், உப்புத் தண்ணியில பிழைக்காது. மூக்கு வழியா ஏறினா மட்டும் தான் மூளைக்குப் போகும், குடிச்சா வராது, ஆளுக்கு ஆள் ஒட்டாது. வந்தா பிழைக்கிறது ரொம்ப அபூர்வம், அதனால வீட்டுல பயப்படுறதுல நியாயம் இருக்கு. பாசி பிடிச்சு தேங்கிக் கெடக்குற தண்ணியில முங்கிக் குதிக்கிறத விட்டுருங்க.

கேள்வி (மார்த்தாண்டம்): பழைய ஐபிசி புக் வச்சு தான் படிக்கிறேன், தூக்கிப் போட்டுரவா?

பதில்: போட்டுராத, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படி. 2024 ஜூலை 1-ல இருந்து ஐபிசிக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா (358 பிரிவு, முன்ன 511), குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்கு (சிஆர்பிசி) பதிலா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (531, முன்ன 484), சாட்சியச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய சாக்ஷிய அதிநியம் (170, முன்ன 167). கொலை 302 இப்போ 103, மோசடி 420 இப்போ 318, சிஆர்பிசில இருந்த தடை உத்தரவு 144 இப்போ நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 163. ஜூலை 1-க்கு முன்ன நடந்த குத்தத்துக்கு பழைய ஐபிசி தான், இத கேட்பாங்க.

ஜீரோ எஃப்ஐஆர், அதாவது குத்தம் எங்க நடந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் போடுற எஃப்ஐஆர், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 173-ஆம் பிரிவு. எங்க சித்தி சில வருஷத்துக்கு முன்ன திருவனந்தபுரம் போயிட்டு பஸ்ல வரும்போது, களியக்காவிளைக்கு அந்தப் பக்கமே செயின் போயிருச்சு, இறங்கின பிறகு தான் கழுத்த தடவிப் பார்த்தாங்க. இங்க ஒரு ஸ்டேஷனுக்குப் போனா எங்க லிமிட் இல்ல, கேரளாவுல போய்க் கொடுங்கன்னு அனுப்பிட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஒத்தப் பொம்பள எங்க போவா? அழுதுட்டு வீட்டுக்கு வந்தவங்க கடைசி வரைக்கும் புகாரே கொடுக்கல. இப்போ சட்டத்துலயே இருக்கு, எந்த ஸ்டேஷன்ல போனாலும் எழுதி வாங்கி, எஃப்ஐஆர் போட்டு, அவங்களே சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்பணும், காப்பி இலவசமாத் தரணும். போன்ல, மெயில்ல புகார் அனுப்பினாலும் சரி, ஆனா 3 நாளைக்குள்ள போய் கையெழுத்துப் போடணும். செயின் பறிப்புக்குன்னே நியாய சன்ஹிதாவுல 304-ன்னு தனிப் பிரிவும் வந்துருச்சு. இந்த 173-அ தேர்வுக்கு மட்டும் இல்ல, வீட்டுல அம்மாவுக்கும் அக்காவுக்கும் இன்னைக்கே சொல்லிக் கொடுங்க.