சிவப்பு விளக்கு சைக்கிளுக்கும் எரிகிறது

வில்லிவாக்கத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு 31 ஆண்டுகள் சைக்கிளில் வேலைக்குப் போனவன் நான். போக 14 கிலோமீட்டர், வர 14. திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் என்று நூறடிச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சைக்கிள் கற்றுத்தருகிறேன். நெரிசலான சாலையில் சைக்கிள் ஓட்டுவது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, சிக்னலில் நான் நின்றால் கூட வரும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சைக்கிளுக்கு லைசென்ஸே கிடையாது, அப்புறம் என்ன சிக்னல் என்கிறார்கள். உண்மையிலேயே நிற்க வேண்டுமா?
— கல்லூரி மாணவர், குரோம்பேட்டை

நிற்க வேண்டும் தம்பி. லைசென்ஸும் பதிவெண்ணும் வேண்டாம் என்பது சரிதான். சட்டத்தின் கணக்கில் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதற்காகச் சாலை விதியே நமக்கு இல்லை என்று ஆகிவிடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவைப் பாருங்கள். பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வண்டியைக் கண்மூடித்தனமாக ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எஞ்சின் உள்ள வண்டிக்கு மட்டும் என்று அதில் இல்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு 24 வயதிருக்கும்போது வடபழனி சந்திப்பில் சிவப்பு விழுந்த பிறகு பாய்ந்தேன். இரண்டு பக்கமும் வண்டி வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் பாய்ந்தேன். வண்டி வரவில்லை, கூடையோடு ஒரு பூக்கார அம்மா சாலையைக் கடந்துகொண்டிருந்தார். என் கண் வண்டியைத் தேடியதே தவிர மனிதரைத் தேடவில்லை. அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பூ கட்டிப் பிழைக்கும் கை அது. வாரந்தோறும் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒருமுறைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அன்றிலிருந்து நள்ளிரவில் ஆளில்லாத சந்திப்பிலும் நின்றுதான் போகிறேன்.

சைக்கிளால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று உங்கள் நண்பர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஐயா, எதிர்த்திசையில் ஓட்டினால் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும், அதுதான் பாதுகாப்பு என்கிறார் என் மாமா. சரியா?
— ஆவடி வாசகர்

தவறு. ஆனால் பலர் மனதார நம்பும் தவறு, அதனால் விளக்குகிறேன். நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், மோட்டார் சைக்கிள் 40இல் வருகிறது என்று வையுங்கள். ஒரே திசை என்றால் அவர் உங்களை நெருங்கும் வேகம் 25. நொடிக்கு 7 மீட்டர். எதிர்த்திசை என்றால் 55. நொடிக்கு 15 மீட்டர். அவர் பிரேக் பிடிக்கக் கிடைக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மோதினால் அடியும் அதற்கேற்ப விழும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சந்துகளில் இருக்கிறது. சந்திலிருந்து பெரிய சாலைக்கு இடப்பக்கமாக ஏறுபவர் வலப்பக்கம்தான் பார்ப்பார், வண்டி அங்கிருந்துதான் வரும் என்பதால். நீங்கள் அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறீர்கள்.

யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்று மாமா கேட்பார். இறங்கி நடைபாதையில் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தள்ளிக்கொண்டு போகும்போது நாம் பாதசாரி. நூறு மீட்டர் நடப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

அண்ணா, சாலையின் ஓரத்தை ஒட்டி ஓட்டுவதுதானே ஒழுங்கு? அப்படி ஓட்டியும் போன மாதம் ஒரு கார்க் கதவில் இடித்து விழுந்தேன்.
— வங்கி ஊழியர், மயிலாப்பூர்

இடப்பக்கம் ஓட்டுவது ஒழுங்கு. ஓரத்தை உரசிக்கொண்டு ஓட்டுவது ஒழுங்கல்ல. மழைநீர் வடிகால் மூடி, மணல், உடைந்த தார் விளிம்பு எல்லாம் ஓரத்தில்தான் கிடக்கின்றன. நடைபாதை விளிம்பிலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி, ஒரே நேர்கோட்டில் போங்கள். நின்றிருக்கும் கார்களைக் கடக்கும்போது ஒரு கதவு முழுதாகத் திறந்தாலும் உங்கள் ஹேண்டில்பாரில் படாத அளவுக்கு, அதாவது ஒரு மீட்டருக்குக் குறையாமல், இடம் விடுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே இடம் இருக்கிறதே என்று உள்ளே ஒதுங்கி மறுபடி வெளியே வராதீர்கள். பின்னால் வருபவருக்கு நீங்கள் மறைந்து திடீரென்று முளைத்தது போலிருக்கும்.

காருக்குள் இருப்பவர்களுக்கும் ஒரு பழக்கம் சொல்கிறேன். சாலைப் பக்கக் கதவைத் திறக்கும்போது கதவுக்கு அருகில் இருக்கும் கையால் திறக்காமல் தள்ளியிருக்கும் கையால் திறங்கள். நம் ஊர் ஓட்டுநர் என்றால் இடது கை. அப்படிக் கையை நீட்டினாலே உடம்பு திரும்பும், கண் பின்னால் போகும். நெதர்லாந்தில் ஊறிய பழக்கம் இது. பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022இல் சேர்த்தார்கள்.

கதவைவிட நான் அதிகம் அஞ்சுவது பஸ்ஸின் இடப்பக்கத்தை. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்வாங்கி, நடைபாதை ஓரத்தை நெருக்கிக்கொண்டு வரும். முன்சக்கரம் உங்களைத் தாண்டியதும் தப்பித்தோம் என்று நினைக்கிறீர்கள், பின்சக்கரம் வருகிறது. ஓட்டுநர் உயரத்தில் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், உங்களை அவர் பார்க்கவே முடியாது. லண்டனில் இப்படி லாரிகளின் இடப்பக்கம் சிக்கிச் சைக்கிள்காரர்கள் பலர் இறந்தார்கள். அங்கே 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநருக்குத் தன்னைச் சுற்றி எவ்வளவு நேரடியாகத் தெரிகிறது என்று அளந்து அனுமதி கொடுக்கும் முறையை 2021இல் நடைமுறைப்படுத்தினார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே சிக்னலில் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடுக்கு தெரிந்தாலும் நுழையாதீர்கள். பஸ்ஸின் பின்னாலேயே நில்லுங்கள். நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தால், இறங்குபவர்கள் இறங்கி முடிக்கும்வரை காத்திருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

நான் கார் ஓட்டுபவன். சைக்கிள்காரர்கள் கை காட்டாமல், திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வந்துவிடுகிறார்கள். மோதினால் பழி எங்கள் மேல். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— அண்ணா நகர் வாசகர்

உங்கள் கோபத்தில் பாதியை அப்படியே ஏற்கிறேன். வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால் முதலில் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும், பிறகு கையை நீட்ட வேண்டும், பின்னால் வருபவர் வேகம் குறைத்தார் என்று தெரிந்த பிறகே நகர வேண்டும். என்னிடம் வருபவர்களுக்கு முதல் இரண்டு ஞாயிறும் இதுதான் பாடம். ஒற்றைக் கையால் நேராக ஓட்ட வராதவரைப் பெரிய சாலைக்கு நான் அனுப்புவதில்லை.

மறுபாதிக்கு என் பதில் இது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலையால் பாதி நகரம் தடுப்புகளுக்கு இடையில் ஓடுகிறது. உங்கள் டயருக்கு ஒன்றுமே இல்லாத பள்ளம் சைக்கிளைக் கவிழ்த்துவிடும்; அதனால்தான் சைக்கிள்காரர் விலகுகிறார். அவர் விலகுவார் என்று எதிர்பார்த்தே அவரைக் கடந்து செல்லுங்கள். ஒன்றரை மீட்டர் இடம் விட முடியாவிட்டால் கடக்காமல் பின்னாலேயே கொஞ்ச தூரம் வாருங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அழுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த அதிர்ச்சியில் கை ஆடினால் சைக்கிள் உங்கள் பக்கம்தான் சாயும்.

ஐயா, எனக்கு 46 வயது. காய்கறி வாங்க, கோயிலுக்குப் போக சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசை. இந்த வயதில் எதற்கு என்கிறார்கள் வீட்டில்.
— குடும்பத் தலைவி, பெரம்பூர்

கற்றுக்கொள்ளுங்கள் அம்மா. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் அவர்கள்.

செயினை முழுதாக மூடும் கவர் உள்ள சைக்கிளை எடுங்கள். சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்து, முதல் நாள் பெடலைத் தொடாமல் காலால் உந்தி உந்திப் போங்கள். நிதானம் வந்ததும் பெடல். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், துப்பட்டா என்றால் முடிந்துகொள்ளுங்கள். பை முன்கூடையில் இருக்கட்டும். ஹேண்டில்பாரில் தொங்கும் பை ஆடி ஆடிச் சக்கரத்துக்குள் போய்விடும். சந்தை வழியை ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பாருங்கள், பிறகு கூட்டத்தில்.

மகனுக்குப் பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். மூன்று பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள், காதில் பாட்டு வேறு. சொன்னால் கேட்பதில்லை.
— ஒரு தந்தை, தாம்பரம்

திட்டுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, அவனோடு இன்னொரு சைக்கிளில் பள்ளிவரை போய் வாருங்கள். எந்தச் சந்தில் வண்டி திடீரென்று வரும், எங்கே கண் மறையும் என்று அவனையே சொல்ல வையுங்கள். காதில் பாட்டு இருந்தால் பின்னால் வரும் லாரி கேட்காது என்பதைக் கண்ணை மூடி நின்று கேட்டுப் பார்த்தால் அவனுக்கே புரியும். புது சைக்கிளில் பிரேக் கம்பி சில வாரங்களில் தளரும். அதை முடுக்கிக் கொடுங்கள்.

ஹெல்மெட் கட்டாயமா?
— பலர்

சட்டப்படி இல்லை. நான் அணிகிறேன். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவு விட்டு, வார் இறுக்கமாக.

அந்தக் காலத்தில் விளக்கு இல்லாமலும் டபுள்ஸிலும் போனால் போலீஸ் பிடிக்கும். இப்போது ஏன் யாரும் கேட்பதில்லை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மந்தைவெளி

அந்த நாட்கள் எனக்கும் நினைவிருக்கிறது ஐயா. டயரில் உரசி எரியும் டைனமோ, நின்றால் அணைந்துவிடும். இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் மின்கல விளக்கு கிடைக்கிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. அது இல்லாமல் இரவில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தெருவிளக்கில் நமக்குச் சாலை தெரியும், ஆனால் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது.

அடிபட்டால் முதலில் என்ன செய்வது?
— வேளச்சேரி வாசகி

108ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். உதவிக்கு வருபவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, தைரியமாகத் தூக்குங்கள். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அப்படிப்பட்ட விபத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் இழப்பீடு உண்டு. புகார் இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

அண்ணா, சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறேன். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்வதையெல்லாம் செய்தால் ஆர்டர் குறையும். மழையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். பின் பிரேக்கும் சரியில்லை.
— கோடம்பாக்கத்திலிருந்து

தம்பி, உங்களிடம் விதி பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நேரத்தை வைப்பவர் குளிரூட்டிய அறையில் இருக்கிறார், வழுக்கி விழுவது நீங்கள். அந்தக் கணக்கை மாற்ற வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனாலும் சிக்னலைத் தாண்டுவதால் ஒரு நாளில் மிஞ்சுவது சில நிமிடங்கள். அதைவிட அதிகம் வழியைத் தேர்ந்தெடுப்பதில் மிஞ்சும். ஆற்காடு சாலையை விட்டுவிட்டு உள்தெருக்களாகப் போய்ப் பாருங்கள். போனைக் கையில் பிடிக்காமல், திரும்புவதற்கு முன் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையில் ரிம் நனைந்திருக்கும்போது பிரேக் உடனே பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் மெல்ல அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்துங்கள். மெட்ரோ வேலையிடத்து இரும்புத் தகடு, வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி இவற்றின்மேல் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது, நேராகக் கடந்துவிடுங்கள்.

வருகிற ஞாயிறு காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வாருங்கள். பின் பிரேக் கட்டை என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது, மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம்.