டோவரில் காரை ஏற்றுமுன் கொழும்பில் முடிக்க வேண்டியவை

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வயது 61, அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன். வரும் ஜூலையில் மனைவியுடன் லண்டனில் இருக்கும் மகனிடம் போகிறோம். அங்கிருந்து அவனுடைய காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு பிரான்ஸ் போய், பாரிஸில் என் தங்கச்சி வீட்டில் ஒரு கிழமை நிற்கத் திட்டம். மகனுக்கு முதுகுவலி இருப்பதால் வழியில் நானும் கொஞ்ச நேரம் ஓட்டலாமா? காரில் என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பதில்: ஓட்டலாம். ஆனால் ஐயா, காரின் ஆயத்தம் இதில் சின்னப் பங்குதான். அதை உங்கள் மகன் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடுவார். பெரிய பங்கு உங்களுடையது. அதை லண்டன் போன பிறகு செய்ய முடியாது, இங்கிருந்து வெளிக்கிட முதலே முடித்தாக வேண்டும்.

முதலாவது வீசா. பிரித்தானிய வீசாவை வைத்துக்கொண்டு பிரான்ஸுக்குள் போக முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் வீசா (பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) தனியாக வேண்டும். பிரெஞ்சு எல்லைப் பொலிஸார், நீங்கள் கப்பல் ஏறும் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலேயே நிற்கிறார்கள். கப்பலில் ஏறுமுன் அங்கேயே பார்ப்பார்கள், வீசா இல்லையென்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுற்றுலா வீசாவில் லண்டன் போய் நிற்கிறவர், பொதுவாக அங்கிருந்து ஷெங்கனுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே கொழும்பிலேயே எடுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முதல் விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களாவது இருக்க வேண்டும். பிரித்தானிய வீசாவை முதலில் எடுத்துவிட்டால் இது சுலபம்.

உறவினர் வீட்டில் தங்குவதாகக் காட்டினால், உங்கள் தங்கச்சி தன் பகுதி மாநகர சபையில் (அங்கே ‘மேரி’ என்பார்கள்) தங்குமிட உறுதிப் பத்திரம் எடுத்து, அதன் மூலப் பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். இதற்குத்தான் காலம் இழுபடும். இன்றைக்கே அவவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். மகனிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் என்றால் அவருக்கும் ஷெங்கன் வேண்டும். லண்டனில் வதிவிட உரிமை இருப்பதால் அவர் அங்கேயே எடுக்கலாம்.

இரண்டாவது சாரதி அனுமதிப்பத்திரம். பிரித்தானியாவில் வருகையாளர் ஒருவர் தன் நாட்டு அனுமதிப்பத்திரத்தோடு 12 மாதம் வரை கார் ஓட்டலாம். பிரான்ஸில் அது மட்டும் போதாது. பிரெஞ்சு மொழிபெயர்ப்போ சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமோ கூட இருக்க வேண்டும். சர்வதேசப் பத்திரத்தை இங்கே வழங்குவது கொழும்பு காலி முகத்திடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏஏ சிலோன் என்ற வாகன ஓட்டிகள் சங்கம். பரீட்சை எதுவும் இல்லை, ஒரு வருடம் செல்லும். வீசா அலுவலாகக் கொழும்பு போகிற அன்றைக்கே இதையும் முடித்துவிடுங்கள். இது இலங்கை அனுமதிப்பத்திரத்துக்குத் துணைதான், தனியாகச் செல்லாது. இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். உங்கள் அட்டை எந்தத் திகதியில் காலாவதியாகிறது என்றும் ஒருதரம் பாருங்கள்.

மூன்றாவது, மகனின் கார்க் காப்புறுதி. பிரித்தானியக் காப்புறுதி எல்லாமே ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மூன்றாம் தரப்பு அளவுக்குச் செல்லுபடியாகும். அதாவது, நீங்கள் இடித்த காருக்குக் காசு கிடைக்கும், மகனின் காருக்குக் கிடைக்காது. முழுக் காப்புறுதியை ஐரோப்பாவுக்கும் நீட்டும்படி கம்பனியிடம் கேட்கச் சொல்லுங்கள். அதே அழைப்பில் உங்கள் பெயரையும் மேலதிகச் சாரதியாகச் சேர்க்க வேண்டும். இலங்கை அனுமதிப்பத்திரம், வயது 61 என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில கம்பனிகள் மறுக்கும். மறுத்தால் நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. அந்த நிலையில் மகன் மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுத்தி, இறங்கி நடந்து, நாரியை நிமிர்த்திக்கொண்டு ஓட்டட்டும். காப்புறுதி இல்லாமல் ஓட்டி ஒருவருக்குக் காயம் என்றால், அதன் சுமை உங்கள் குடும்பத்துக்குப் பல வருடம் கிடக்கும்.

சரி, இனிக் கார்.

வடிவாகக் கவனிக்க வேண்டியது ஹெட்லைற். பிரித்தானியக் கார்களும் நம்முடையவை போல இடப்பக்கம் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை. டிம் போட்டால் ஒளி நேராகப் போகாது, இடப்பக்கம் கொஞ்சம் மேலே ஏறி றோட்டுக் கரையைக் காட்டும். பிரான்ஸில் வலப்பக்கம் ஓடும்போது அந்த ஏறின துண்டு, எதிரே வருகிறவரின் கண்ணுக்குள் நேரே போகும். இதை மறைக்க ஹெட்லைற்றில் ஒட்டும் ஸ்ரிக்கர் விற்கிறார்கள். கண்ணாடியை நன்றாகத் துடைத்து, அந்த மொடலுக்கான படத்தைப் பார்த்துச் சரியான இடத்தில் ஒட்ட வேண்டும். மாலை நேரம் காரைச் சுவருக்கு முன் நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் மேலேறும் கோடு மறைந்திருந்தால் வேலை சரி. புதுக் கார்களில் திரையிலேயே வலம், இடம் மாற்ற வசதி இருக்கலாம். கையேட்டைப் பார்த்துவிட்டு ஸ்ரிக்கர் வாங்கச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இலக்கத் தகட்டில் ‘யூகே’ அடையாளம் இல்லையென்றால் பின்னால் யூகே ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும். பழைய ‘ஜிபி’ ஸ்ரிக்கர் 2021 செப்டெம்பரோடு செல்லாது. சிவப்பு எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் பிரான்ஸில் கட்டாயம். மேலங்கியை டிக்கிக்குள் வைக்காமல் இருக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள், ஏனென்றால் அதைப் போட்டுக்கொண்டுதான் காரை விட்டு இறங்க வேண்டும். காரின் பதிவுப் புத்தகமான வி5சி மூலப் பிரதியும் வேண்டும். கார் லீஸில் எடுத்ததென்றால் அதற்குப் பதிலாக விஈ103 என்ற பத்திரம். மூன்று பேரும் சாமான்களும் ஏறுவதால் ரயர் காற்றை முழுப் பாரத்துக்குரிய அளவுக்கு அடியுங்கள். பாரிஸுக்குள் ஓடுவதென்றால் ‘கிரித்தேர்’ என்ற மாசு ஸ்ரிக்கரை பிரெஞ்சு அரசின் தளத்தில் மட்டும் வாங்குங்கள், தரகர் தளங்கள் பல மடங்கு பிடுங்குகின்றன. அந்தச் சட்டம் மாறக்கூடும் என்பதால் புறப்படும் கிழமையில் ஒருதரம் பார்க்க வேண்டும்.

கப்பலில் ஏற்றுவது பற்றி நம் நாட்டில் கேட்டறிய வழியில்லை, காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பல் ஆட்களை மட்டும்தான் ஏற்றுகிறது. ஆனால் 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்குப் பாதையில் (மிதவைப் படகில்) வாகனத்தை ஏற்றிக்கொண்டு போனவராக நீங்கள் இருப்பீர்கள். அதில் காருக்குப் பக்கத்திலேயே நின்றோம். இங்கே அப்படியில்லை: காரை விட்டால் மேலே போய்விட வேண்டும், கப்பல் ஓடும் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலமும் கார்த் தளம் பூட்டியிருக்கும். மருந்து, கடவுச்சீட்டு, சால்வை எல்லாவற்றையும் முதலே கைப்பையில் எடுத்துவிடுங்கள். ஹான்ட்பிறேக்கை நன்றாக இழுத்து, கியரில் போட்டு, அலாரத்தை நிற்பாட்ட வேண்டும். இல்லையென்றால் கப்பல் ஆடும் ஆட்டத்தில் அது கத்திக்கொண்டே இருக்கும். தள இலக்கத்தையும் படிக்கட்டையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கானில் பெற்றோல் கொண்டுபோக வேண்டாம். கூரையில் பெட்டி பூட்டினால் அந்த உயரத்தைச் சரியாகச் சொல்லி ரிக்கெட் எடுக்க வேண்டும். 2025 ஒக்டோபரில் ஐரோப்பிய எல்லைகளில் முகப்படம், கைரேகைப் பதிவு தொடங்கியிருப்பதால் வரிசை நீளும். இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே டோவரில் நில்லுங்கள்.

பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் இறங்கியதும் நீங்கள் ஓட்ட வேண்டாம். மகன் நகரத்தைக் கடந்து ஏ16 நெடுஞ்சாலையில் ஏறட்டும். கலேயில் இருந்து பாரிஸ் 300 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, உவர்மலையில் இருந்து ஹபரண வழியாகக் கொழும்பு போவதை விடச் சற்றே கூட. ஆனால் மூன்று மணித்தியாலத்தில் போய்விடலாம். பூலோன் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் ஆள் மாறுங்கள். அமியான் வரை நீங்கள் ஓட்டலாம், பிறகு மகனிடம் கொடுத்துவிடுங்கள். பாரிஸுக்குள், முக்கியமாக வெற்றி வளைவைச் சுற்றியுள்ள எத்துவால் சுற்றுவட்டத்தில், நீங்கள் ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே உள்ளே நுழைகிறவருக்குத்தான் முன்னுரிமை.

பெரிய றோட்டில் வலப்பக்கம் ஓடுவது பிரச்சினையில்லை, முன்னால் போகும் வாகனங்களே வழிகாட்டும். பிழை விடுவது ஆளில்லாத இடத்தில்தான்: தரிப்பிடத்தில் தேநீர் குடித்துவிட்டு வெளிக்கிடும்போது, பெற்றோல் நிலையத்தில் இருந்து திரும்பும்போது, விடியப்புறம் தங்கச்சி வீட்டு ஒழுங்கையில் இருந்து இறங்கும்போது. அந்த நேரங்களில் பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டு “வலம்” என்று சொல்லட்டும். சுற்றுவட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும்; உள்ளே இடப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். சிறு ஊர்களில் அடையாளம் எதுவும் இல்லாத சந்தியில், வலப்பக்க ஒழுங்கையில் இருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. மஞ்சள் சாய்சதுரப் பலகை கண்டால் நீங்கள் முன்னுரிமை வீதியில் இருக்கிறீர்கள். அதில் கறுப்புக் கோடு குறுக்கே போனால் அது முடிந்துவிட்டது.

வேகம் கிலோமீற்றரில் என்பது உங்களுக்கு வசதி, ஆனால் மகனின் காரில் பெரிய எழுத்தில் மைல் இருக்கும். நெடுஞ்சாலையில் 130, மழையென்றால் 110; ஊருக்கு வெளியே பெரும்பாலும் 80, ஊருக்குள் 50. அப்புறம், கார் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் இரு திசை வாகனங்களும் ஓடும் ஒற்றை வீதியில் முந்தப் பார்க்கும்போது எதிரே வருவது எதுவும் தெரியாது. முந்தவே வேண்டாம். சுங்கச் சாவடியும் இடப்பக்கம் இருக்கும். முன்னால் இடது இருக்கையில் இருப்பவர்தான் சீட்டு எடுத்து, காசு கட்ட வேண்டும். உங்கள் மனைவி அங்கே இருந்தால் வங்கி அட்டையை அவரிடம் கொடுத்து வையுங்கள்.

தங்கச்சிக்குக் கொண்டுபோகும் சாமான் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அநேகமாக அதுவும் டிக்கியில் இருக்கும். பிரித்தானியாவில் இருந்து பிரான்ஸுக்குள் இறைச்சி, பால், நெய் கொண்டுபோகத் தடை. கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், விட்டுவிடுங்கள். கருவாடு ஒருவருக்கு 20 கிலோ வரை தடையில்லை. நெத்தலியோ சீலாவோ நன்றாகப் பொதி செய்யுங்கள், காருக்குள் மணம் நின்றால் போகாது. திரும்பும்போது கலேயிலேயே பிரித்தானிய அதிகாரிகள் பார்ப்பார்கள். 2025 ஏப்ரல் 12 முதல் சீஸ், பால், மாட்டு, ஆட்டு, பன்றி இறைச்சி எதையும் உள்ளே விடுவதில்லை.