அத்திவாரக் குழியிலேயே தொடங்கும் விண்ணப்பம்

முப்பது வருஷமாக மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சைட்டுகளில் கணிய அளவையாளர் வேலை. நாலு கட்டடங்களுக்கு விருது விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், ஒன்றுக்குத்தான் கிடைத்தது. இனி நீங்களும் விருதுக்குப் போடலாமா என்று நம் பக்கத்துச் சைட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்; தோற்ற மூன்றில் படித்ததைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

கல்முனை ஒப்பந்தக்காரர்: சேர், நாங்க சீ5 தரம். விருதெல்லாம் கொழும்புப் பெரிய கம்பனிகளுக்குத்தானே? நாங்க போட்டா சிரிக்க மாட்டாங்களா?

ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். தரம் என்பது எவ்வளவு பெறுமதியான வேலையை நீங்கள் எடுக்கலாம் என்பதற்குச் சீடா, அதாவது அரசின் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, போடும் எல்லை, அவ்வளவுதான். எடுத்த வேலையை எப்படிச் செய்தீர்கள் என்று அது சொல்லாது. அம்பேபுஸ்ஸ நூலகத்தைப் பாருங்கள். மிலிந்த பத்திராஜவும் கங்கா ரத்நாயக்கவும் வடிவமைத்தது. சுவர் இறுக்கிய மண். கட்டியவர்கள் இராணுவச் சிப்பாய்கள். சண்டை முடிந்த பிறகு அவர்கள் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று அந்த வேலையிலேயே பழக்கினார்கள். நிலைபேறான கட்டுமானத்துக்குத் தரும் உலக அளவிலான ஹொல்சிம் விருதுகளில், 2015இல் வெள்ளி அதற்குத்தான். உங்கள் சைட்டில் யார் எதைப் பழகினார்கள் என்று ஒரு பக்கம் எழுத முடியுமென்றால் துணிந்து போடுங்கள்.

வாழைச்சேனைப் பொறியியலாளர்: கட்டடம் முடிஞ்சு தைக்குக் கையளிச்சாச்சு. இப்பதான் விருது யோசனை வந்தது. கையில இருக்கிறது திறப்பு விழாப் படம் மட்டும்.

நாடா வெட்டுற படம், குத்துவிளக்கு, பொன்னாடை. நான் முதல் முறை தோற்றதும் அதே கோவையோடுதான். நடுவருக்குப் பூச்சுக்கு உள்ளே இருப்பது வேண்டும். சிலாப்பை ஊற்றிவிட்டால் கம்பியைத் திரும்பக் காட்ட முடியாது.

ஆனாலும் கை விடாதீர்கள். சுப்பவைசரின் போனைக் கேட்டு வாங்குங்கள். பில் கட்ட, ஆள் வரவு காட்ட, சாமான் வந்ததைக் காட்ட என்று வட்ஸ்அப்பில் தினமும் படம் போயிருக்கும். தேதியும் அதிலேயே கிடக்கும். பிறகு கொங்கிறீற் கட்டிகளை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கி வலுப் பார்த்த சோதனை அறிக்கைகள். கொங்கிறீற் 25 தரம் என்று எழுதிய இடத்தில் 28ஆம் நாள் வலு எவ்வளவு வந்தது என்பதை ஒரே அட்டவணையில் போடுங்கள். குறைந்து வந்தது இருந்தால் அதையும் போட்டு, என்ன செய்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஸ்டோர் புத்தகம், சைட் டயரி, ஆலோசகரின் கடிதங்கள், இடைக்காலக் கொடுப்பனவுப் பட்டியல்கள், எல்லாம் சாட்சி. ஒரு டயரியில் "இன்று மழை, வேலை இல்லை" என்று பதினொரு நாள் தொடர்ந்து இருந்தது. வேலை ஏன் பிந்தியது என்று நான் எழுதிய இரண்டு பக்கத்தை விட அந்தப் பதினொரு வரி பலமாக நின்றது.

அடுத்த வேலைக்கு ஒரு சின்னப் பழக்கம்: ஒரே மூலையில் நின்று, ஒரே திசையில், கிழமைக்கு ஒரு படம். அத்திவாரம் வெட்டுமுன் வெறும் வளவையும் எடுங்கள்.

அக்கரைப்பற்று, வரைபட உதவியாளர்: "எதிர்கொண்ட சவால்கள்" என்று ஒரு பகுதி. மழை, ஆள் பற்றாக்குறை, 2022 நெருக்கடி என்று எழுதினேன். பொறுப்பாளர் "எல்லாரும் இதைத்தானே எழுதுவாங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. 2022இல் சீமெந்தும் டீசலும் இல்லாமல் அலைந்தது நாடே. உங்கள் கட்டடம் நிற்கிற மண் என்ன செய்தது? நம் கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஐப்பசியில் தொடங்கினால் தைவரை குழி நிரம்பிக்கொண்டே இருக்கும். எத்தனை பம்ப் ஓடியது? இறைத்த தண்ணீரை எங்கே விட்டீர்கள், பக்கத்து வளவுக்கா? உப்பு அடுத்தது. குளோரைட் கம்பிவரை இறங்கினால் துரு பிடிக்கும், துரு பருத்துக் கொங்கிறீற்றை உடைத்துத் தள்ளும். அதற்காகக் கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீற்றர் மூடல் விட்டீர்கள், மணல் எங்கே எடுத்தீர்கள், கழுவினீர்களா? ஒரு சிக்கலைப் பிடித்து அடிவரை எழுதுங்கள். ஐந்தைத் தொட்டால் ஐந்தும் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும்.

கூரை என்றால் காற்றைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். 1978 கார்த்திகைச் சூறாவளியில் ஓடு பறந்ததை எங்கள் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. சுவரோடு கூரையை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கு ஒரு கைவரைபடம் போதும்.

காத்தான்குடி: காக்கா, ஒரு தூணில வெடிப்பு வந்து உடைச்சுத் திரும்ப ஊத்தினோம். அதை மறைக்கலாமா?

மறைக்காதீங்க. உடைத்தது யார் முடிவு, எந்தச் சோதனையைப் பார்த்து, செலவு யார் தலையில், பிறகு அதே பிழை வராமல் எதை மாற்றினீர்கள்? நாலு வரி. நடுவர்கள் சைட் பார்க்க வந்தால் அங்கே நிற்கிற மேசன்மாரோடு கதைப்பார்கள். அவர்கள் வாயில் ஒன்று, உங்கள் கோவையில் வேறொன்று என்றால் முடிந்தது கதை.

களுவாஞ்சிகுடி: சொந்தக்காரர் சம்மதம் வேணுமா?

வேண்டும், எழுத்தில். ஒப்பந்தத் தொகையையும் இறுதிக் கணக்கையும் காட்டவேண்டி வரும். தன் காசு விவரம் வெளியே போவதை எல்லாரும் விரும்புவதில்லை.

ஏறாவூர்: எங்களுக்கு நல்ல ஆங்கிலம் எழுத வராது.

எனக்கும் அப்படித்தான். முதலில் மேசனுக்குச் சொல்வதுபோலத் தமிழில் எழுதினேன், பிறகு ஒரு ஆசிரியையிடம் கொடுத்தேன். "உலகத் தரம்", "புதுமையான", "முன்னோடி" மாதிரிச் சொற்களை அவவே வெட்டிவிட்டா. மிஞ்சியது அளவுகளும் தேதிகளும். வென்றது அந்த விண்ணப்பம்தான்.

திருக்கோவில், கட்டடக் கலைஞர்: சீடாவை விட்டால் வேறு எதற்குப் போடலாம்?

வடிவமைப்புக்காக என்றால், நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் பெயரில் தரும் விருது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. ஆகா கான் கட்டடக் கலை விருதும் அப்படியே. ஆனால் அதற்குக் கட்டடம் குறைந்தது ஒரு வருஷமாவது பாவனையில் இருக்கவேண்டும், ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். அது நல்ல விதி. திறப்பு விழாவன்று எல்லாக் கட்டடமும் அழகுதான், ஒரு மாரி போகட்டும். 2016இல் அந்த விருது பெற்றவற்றுள் பங்களாதேஷின் கைபாந்தாவில் உள்ள ஒரு பயிற்சி நிலையமும் ஒன்று. வெள்ளம் வரும் தாழ்நிலம், சுற்றிவர மண் அணை, உள்ளே செங்கல். மட்டக்களப்பு வாவிக்கரையில் வேலை செய்கிறவர் அதன் படங்களைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

மறுபடி கல்முனை: கடைசிக் கேள்வி சேர். விருது கிடைச்சா வேலை கூட வருமா?

உண்மையைச் சொன்னால், எங்களுக்கு வரவில்லை. சான்றிதழ் ஒபிஸ் சுவரில் தொங்குகிறது. ஆனால் தோற்ற மூன்றில் ஒன்றில், கால நீடிப்புக் கேட்டுச் சொந்தக்காரர் தரப்போடு இழுபறி வந்தது. அப்போது மேசையில் வைத்தது விருதுக்காகச் சேர்த்த அதே கோவைதான். மழை நாள் ஒவ்வொன்றுக்கும் படம் இருந்தது. கேட்ட நாட்களில் இரண்டு குறைய, மற்றது முழுக்கத் தந்தார்கள்.