குண்டுமணியா, சாகா மரமா?

கேள்வி: மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் வீட்டோடு ஆடு வளர்க்கிறேன். கொட்டகை ஓரம் தானாக முளைத்த மரம் கூரைக்கு மேல் போய்விட்டது. பட்டை பழுப்பும் சாம்பலுமாக இருக்கிறது, சின்னப் பொருக்காக உதிர்கிறது. மொட்டு எலிவால் மாதிரி நீளம். கீழே கொட்டும் சிவப்பு விதைகளைப் பேத்தி பாட்டிலில் சேர்க்கிறாள். "குண்டுமணி, விஷம், வெட்டிடுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வெட்டவா?

பதில்: வெட்டாதீர்கள் அம்மா. அது மலாய் மொழியில் 'சாகா' என்று சொல்லும் மரம். தமிழில் மஞ்சாடி, ஆனைக்குண்டுமணி என்றும் சொல்வோம். அந்த இரண்டாவது பெயர்தான் உங்கள் அண்டை வீட்டாரைக் குழப்பியிருக்கிறது.

பட்டையை மட்டும் வைத்து நான் சொல்லியிருக்க மாட்டேன். அப்படிப் பொருக்கு விடும் மரம் எத்தனையோ இருக்கிறது. மொட்டும் விதையும்தான் காட்டிக்கொடுத்தன. எலிவால் போன்ற அந்தக் கதிர் விரிந்தால் பொடிப்பொடியாய் வெளிர்மஞ்சள் பூ, லேசான வாசனை. குண்டுமணிப் பூ அவரைப் பூ வடிவில் இளஞ்சிவப்பாக இருக்கும். அது மரமே அல்ல, வேலியில் ஏறும் கொடி.

நீங்கள் அனுப்பிய விதைகளை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். இரு பக்கமும் உப்பிய தட்டை விதை, நுனியில் இதயம் போல ஒரு சிறு கூர், முழுக்கச் சிவப்பு. நான்கு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். பொன் நிறுத்த நம் முன்னோர் இரண்டு குண்டுமணிக்கு ஒரு மஞ்சாடி என்று கணக்கு வைத்தது இதை வைத்துத்தான். 1985-இல் வந்த புரோட்டோன் சாகா காரின் பெயரும் இந்த மரத்தின் பெயர்தான். காய்ந்த நெற்று முறுக்கிச் சுருண்டு வெடிக்கும். விதை தோலிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். மரத்தை அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

கூரைமேல் சாயும் கிளைகளை மட்டும் கழியுங்கள். அவரைக் குடும்பத்து மரம் என்பதால் உதிரும் இலை கீரைப் பாத்திக்கு நல்ல மூடாக்கு. விதையை ஆட்டுத் தீவனத்தில் விழவிடாதீர்கள். பச்சையாகத் தின்னத் தக்கதல்ல.

ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரின் பயம் வீண் பயமல்ல. பேத்தி வேலியோரமும் பொறுக்கியிருக்கலாம். இன்றே பாட்டிலைக் கொட்டி ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். சின்னதாய், உருண்டையாய், ஒரு முனையில் கறுப்புக் கண்ணோடு இருந்தால் அதுதான் குண்டுமணி. உள்ளே இருப்பது அப்ரின் என்ற கொடிய நஞ்சு. விதையைக் கடித்தாலோ துளையிட்டாலோ வெளிவரும். பிள்ளை கடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், விதையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். கொடி கண்ணில் பட்டால் காய்ப்பதற்குள் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.