மூன்றெழுத்தில் ஒரு மரம்

அன்புள்ள ஐயா,

ஒரு வார இதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை நானும் என் மனைவியும் வாராவாரம் சேர்ந்து போடுவோம். போன வாரம் ‘ஒரு மரம் (3)’ என்று ஒரு குறிப்பு. நான் தேக்கு என்றேன், அவள் வேங்கை என்றாள். அந்த மூலையில் குறுக்கே வந்து மாட்டும் சொல் எதுவும் இல்லை. என் பிடிவாதத்தால் தேக்கு என்றே எழுதி அனுப்பினோம். விடை மருதாம்! அகராதியைப் புரட்டினால் மூன்றுக்குமே ‘ஒருவகை மரம்’ என்று போட்டிருக்கிறது. தப்பு அகராதி மேலா, புதிர் மேலா?

வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

சந்தேகமே வேண்டாம், புதிர் மேல்தான். அகராதியைத் திறக்கும்போது சொல் நம் கையில் இருக்கிறது. மருது என்பது மரமா, மீனா, ஊரா என்று தெரிந்தால் பாதிக் கவலை விட்டது. அதனால் அங்கே ‘மரம்’ என்ற பொதுச்சொல் வந்தே ஆகவேண்டும். புதிரை விடுவிக்கிறவருக்கோ சொல் இனிமேல்தான் கிடைக்கவேண்டும். அவரிடம் போய் ‘ஒரு மரம்’ என்றால் சேர்வராயன் மலையில் உள்ளதையெல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புதிர் ஆசிரியர் அகராதியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்துச் செய்யுள் அகராதியான நிகண்டு செய்தவர்கள் இதைப் பிரித்தே வைத்தார்கள். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் மரங்களுக்கென்று ஒரு தொகுதி உண்டு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பதினோராம் தொகுதி தனி. அதில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது கட்டம் மட்டும் நிரம்பி முதல் கட்டம் காலியாக நிற்கும்போது இதைவிட வசதி வேறென்ன வேண்டும்!

உங்கள் மூன்று சொற்களுமே அந்தப் பதினோராம் தொகுதி ஜாதி. தேக்குக்கு ‘காவிரியை மேட்டூர் அணையிடம் இப்படிச் சொல்’ என்று கொடுக்கலாம். மருதுக்கு ‘சிவகங்கையில் பெரியதும் சின்னதும்’. வேங்கை மரமும் ஆகும், புலியும் ஆகும். உதிர்ந்த வேங்கைப்பூ பாறைமேல் கிடப்பது புலிக்குட்டி போலத் தெரிகிறது என்று குறுந்தொகையின் 47ஆம் பாட்டே அந்த விளையாட்டை ஆடிவிட்டது. ‘பூத்தாலும் பாய்ந்தாலும் ஒரே பெயர்’ என்றால் போதும்.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியன் இல்லை. ஒரு சிறுபத்திரிகைக்குக் கொஞ்ச நாள் குறுக்கெழுத்து போட்டுக் கொடுத்தேன். ஒருமுறை ஏற்காடு பஸ்ஸில் கட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் பேனா ஒரு பக்கம் இழுக்க, ‘சேலத்தின் நடுவே ஓடும் ஆறு (8)’ என்று எழுதினேன். விடை திருமணிமுத்தாறு. குறிப்பிலேயே ஆறு இருக்கிறது! ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: “கடைசிக் கட்டத்தில் ‘று’வை நீங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கலாமே?” முத்து, ஆறு இரண்டும் புணர்ந்ததில் ‘ஆ’ போய்த் ‘தா’வுக்குள் ஒளிந்துகொண்டது, அதனால் விடை பாதிதான் வெளியே தெரியும் என்று பதில் எழுதலாமா என்று பார்த்தேன். எழுதவில்லை. உண்மையில் ஆறு என்பதை எண்ணாகவோ, வழியாகவோ, ‘சூடு ஆறு’ என்பதாகவோ திருப்பிப் போட்டிருக்கவேண்டும். அந்தப் பஸ்ஸில் அது தோன்றவில்லை.

அப்புறம், வீட்டில் சொல்லிவிடுங்கள்: அவர் சொன்ன வேங்கையும் தேறாது, ஆனால் உங்கள் தேக்கைவிட அது ஒன்றும் மோசமில்லை. அடுத்த வாரம் பேனாவை அவரிடம் கொடுங்கள்.